எதிராளிக்காகப் பேசிய பிற்பகல்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. தஞ்சாவூரில் ஒரு மாடியில் மூன்று அறைகள், வாசலில் கத்தோலிக்க ஆய்வு மையம் என்று ஒரு பலகை. தத்துவத்தையும் இறையியலையும் பல்கலைக்கழக வளாகங்களுக்குக் கொண்டுபோவது எங்கள் மையத்தின் வேலை. பொறியியல் படிக்கிறவர்களிடமும் வேளாண்மை படிக்கிறவர்களிடமும் போய், ஆன்மா என்று ஒன்று உண்டா, இயந்திரத்துக்கு மனசாட்சி வருமா என்று பேச்சைக் கிளப்பிவிட்டு, டீயும் சமோசாவும் கொடுத்து அனுப்புவோம். நான் பூதலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் சாமி மாரியம்மன். கத்தோலிக்கர்களிடம் எனக்கு என்ன வேலை என்று கேட்டால், தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு வேறு யாரும் வேலை கொடுக்கவில்லை என்பதுதான் நேர்மையான பதில். அம்மா மட்டும் ஊரில், "சாமியார் ஆபீசுல டீச்சர் மாதிரி" என்று சொல்லிச் சமாளித்துவந்தாள்.

வளாகங்களில் எங்களை யாரும் முதலில் நம்புவதில்லை. மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் சந்தேகம். இன்னொரு பக்கம், பங்குக் கோயில்காரர்கள் எங்கள் இயக்குநரிடம் வந்து, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித்தராமல் சந்தேகம் சொல்லித்தருகிறீர்களே என்று குறைப்படுவார்கள். இந்துப் பெண்ணுக்கு ஏன் சம்பளம் என்றும் ஒருவர் என் காது படவே கேட்டார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நான்காண்டுகள் ஓட்டினேன். எனக்கு இயல்பிலேயே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஃபோன் பேசினால் நடப்பேன், கோபம் வந்தால் நடப்பேன், கருத்தரங்கில் அடுத்தவர் பேசும்போதும் பின்வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டேயிருப்பேன். மாணவர்கள் எனக்கு ‘ஷட்டில் பஸ்’ என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

இயக்குநர் ஒரு பாதிரியார். அறுபதைத் தாண்டியவர், அரைக்கைச் சட்டைதான் போடுவார், அங்கி பூசைக்கு மட்டும். அவருக்கு ஒரு விதி உண்டு. ஒருவரை மறுத்துப் பேசுவதற்கு முன்னால், அவர் தரப்பை நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது, ‘நான் நம்புகிறேன்’ என்றுதான் தொடங்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் எதிராளி "அதேதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உன் மறுப்புக்கு இடம். மாணவர்களுக்கு முதலில் இது விளையாட்டாக இருக்கும். கடவுளே இல்லை என்று மார்தட்டுகிற பையன் ஒருவன், பக்கத்தில் இருக்கும் பெண்ணின் விரதத்தை ‘நான்’ போட்டுச் சொல்ல வேண்டி வந்து, மூன்று தரம் முயன்று, மூன்று தரமும் அவள் "அது இல்ல" என்று தலையாட்டியதைப் பார்த்திருக்கிறேன். நான்காம் தரம் அவள் "அதேதான்" என்றபோது அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

பொதுவாக அப்படிப் பேசத் தொடங்கும் முன், ‘இது என் கருத்தல்ல’ என்று ஒரு வரி சொல்லிக்கொள்வோம். அந்தப் பங்குனியில் அந்த வரியும் வேண்டாம் என்று இயக்குநருக்குத் தோன்றிவிட்டது.

"அந்த வரி ஒரு வேலி மாதிரிம்மா. வேலியையும் தூக்கிக்கிட்டு அடுத்தவன் வயலுக்குள்ள போனா, நீ எங்க போன?" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு எல்லாப் பழியையும் அவர்மேல் போட்டேன். ஒரு பல்கலைக்கழக அரங்கில் பிற்பகல் அமர்வு. கடவுள் மனிதனாகப் பிறக்க முடியுமா என்பது தலைப்பு. கிறிஸ்தவத் தரப்பை நான் பேச வேண்டும், கடவுளே தேவையில்லை என்ற தரப்பை அவர் பேச வேண்டும். முன்னுரை கிடையாது. மையத்தில் நாங்கள் பதிவும் செய்வதில்லை. கேமரா இருந்தால் யாரும் உண்மையாகப் பேச மாட்டார்கள் என்பது அவருடைய இன்னொரு விதி. மாணவர்கள் கையில் ஆளுக்கொரு கேமரா இருக்கிறது என்பது தத்துவம் படித்த எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

நான் எழுந்து பேசினேன். குறிப்பு எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்க்கவில்லை. பிறகு ஊரெல்லாம் பார்த்த அந்த நாற்பது வினாடி எனக்கு மனப்பாடம். "நான் நம்புறேன். கடவுள் ஒரு பொம்பளை வயித்துல பத்து மாசம் இருந்தார். அவருக்குப் பசிச்சிருக்கு, ஜுரம் வந்திருக்கு, கால்ல முள்ளு குத்தியிருக்கு. மேல இருந்துகிட்டு அருள் கொடுக்கிற கடவுள் எனக்கு வேணாம். வாய்க்கால்ல தண்ணி வராத வருஷம் எங்கப்பா கரையில தனியா நின்னார். நான் பாத்தேன். எந்தச் சாமியும் அவர் பக்கத்துல வந்து நிக்கலை. வந்து கூட நிக்கிற கடவுள் ஒருத்தர் உண்டுன்னா, அவரைத்தான் நான் நம்புறேன்."

நான் அந்த ஒரு முறைதான் பேசும்போது நடக்கவில்லையாம், ஒரு மாணவி பிறகு சொன்னாள். இயக்குநர் முன்வரிசையிலிருந்து மெதுவாக "அதேதான்" என்றார். அப்புறம் அவர் எழுந்து, கடவுள் இல்லை என்று இருபது நிமிடம் பேசினார். ஒரு பாதிரியார் அப்படிப் பேசியதை ஒரு கைபேசியும் பிடிக்கவில்லை. எல்லோரும் டீ வந்துவிட்டதா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் அந்த நாற்பது வினாடி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. யார் அனுப்பியது என்பதைக் கண்டுபிடிக்க நான் இரண்டு நாள் வீணடித்தேன், பயனில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மா காலையில் கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல கூட்டம். நம்ம மண்டகப்படியை எடுத்து வேற வீட்டுக்குக் குடுக்கணும்னு பேசிக்கிறாங்க. கிளம்பி வா."

"அப்பா என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லலை. வீடியோவை நாலு தரம் பாத்தார். அப்புறம் ஃபோனைக் கவுத்து வெச்சுட்டு வயலுக்குப் போயிட்டார்."

சித்திரைத் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் பொறுப்பு. மூன்றாம் நாள் எங்கள் வீட்டுடையது. அன்றைக்கு அம்மனுக்கு அபிஷேகம், அலங்காரம், ஊருக்குச் சாப்பாடு எல்லாம் எங்கள் வீடு. அதற்குத்தான் மண்டகப்படி என்று பெயர். அப்பா எந்த ஊர் விஷயத்திலும் முன்னால் போய் நிற்காதவர். கூட்டுறவு சங்கத் தேர்தலில் நிற்கச் சொன்னபோது கூட ஓடி ஒளிந்தார். அந்த ஒரு நாள் மட்டும் புது வேட்டி கட்டிக்கொண்டு, சாமிக்கு முன்னால் முதல் ஆளாக நிற்பார். பெண் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்துவிட்டாள் என்றால் அந்த வீட்டுக்கு அந்த இடம் கிடையாது. அது சரியா தவறா என்று என்னால் ஒரு நாள் முழுக்க வாதாட முடியும். அப்பாவால் முடியாது. அவரால் அங்கே நிற்க முடியும், அல்லது நிற்க முடியாது.

நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அவர் மிகவும் வருந்தினார், உண்மையாகவே வருந்தினார், தானே ஊருக்கு வந்து விளக்குவதாகச் சொன்னார்.

"நீங்க வந்து நின்னா அப்புறம் நான் இந்துன்னு யார் ஃபாதர் நம்புவா?"

அவர் யோசித்துவிட்டு ஒரு கடிதம் தருவதாகச் சொன்னார். மையத்தின் முத்திரைத் தாளில், இவர் எங்கள் மதத்தைச் சேர்ந்தவர் அல்ல என்று. கத்தோலிக்க மையம் ஒன்று ஒருத்திக்குக் கத்தோலிக்கர் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். சிரிப்பும் வந்தது. ஆனால் அவர் எழுதிக் கொண்டுவந்ததைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. ‘எங்களுக்குத் தெரிந்தவரை இவர் திருமுழுக்குப் பெறவில்லை’ என்று இருந்தது, ஞானஸ்நானத்தைத்தான் அப்படி எழுதியிருந்தார்.

"தெரிந்தவரைங்கிறதை எடுங்க ஃபாதர்."

"எடுத்தா பொய்யாயிடுமேம்மா. எனக்குத் தெரிஞ்சதுக்குத்தானே நான் சாட்சி சொல்ல முடியும்?"

"சரி, மனசாலும் இவர் எங்கள் நம்பிக்கையை ஏற்கவில்லைன்னு ஒரு வரி சேருங்க."

அவர் பேனாவை மூடினார். "உன் மனசுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?"

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளை நாலாகக் கிழித்தேன். அறுபது வயது மனிதருக்கு முன்னால் அப்படிச் செய்திருக்கக்கூடாது. அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். நான் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "அன்னைக்கு நீங்க கடவுள் இல்லைன்னு பேசினீங்களே, அது நடிப்பா?" என்று கேட்டேன்.

"நடிப்பா இருந்திருந்தா நல்லாத் தூங்கியிருப்பேன்," என்றார்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சனிக்கிழமை காலை தஞ்சாவூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஏறினேன். பூதலூருக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. அந்த நேரத்துக்குள் பெட்டியின் இரண்டு கதவுக்கும் எத்தனை தரம் நடந்திருப்பேனோ. அப்பாவிடம் சொல்ல வேண்டியது மிகவும் சுலபம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ‘அது வேலைக்காகப் பேசியது அப்பா.’ ஒரு வாக்கியம். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? பயம் இருந்தது. ஆனால் மடியில் இருப்பது என்னவென்று எனக்கே தெரியவில்லை.

அப்பா சாலையில்தான் இருந்தார். உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து தார்ச் சாலையில் பரப்பியிருந்தார்கள், போகிற வருகிற வண்டி ஏறினால் காய் உடைந்து மணி உதிர்ந்துவிடும். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கவைக்கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

விதியை விளக்கினேன். எதிராளியின் வாதத்தை முதலில் நம் வாயால் சொல்ல வேண்டும், அதற்குத்தான் அந்த ‘நான்’ என்று. இயக்குநரின் வேலிக் கதையையும் சொன்னேன். மாணவர்களுக்கு விளக்கினால் முக்கால் மணி ஆகும், அப்பாவுக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

"கோர்ட்டுல வக்கீல் பேசற மாதிரி."

"ஆமாம்ப்பா."

"அப்ப அது வேலைக்குப் பேசினது. உன் மனசுல இருக்கிறது இல்லை. அவ்வளவுதானே? அதைச் சொல்லு, நாளைக்குக் கூட்டத்துல நான் பேசிக்கிறேன்."

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கம்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டிராக்டர் உளுந்தின்மேல் ஏறி இறங்கிப் போயிற்று. நான் சாலையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடந்தேன்.

"வேதத்துல சேந்துட்டியா?"

"இல்லப்பா."

"சேரப் போறியா?"

"தெரியலப்பா. பேசறப்ப அது நடிப்பா இல்லை. முடிஞ்சப்புறம் நம்பிக்கையாவும் இல்லை. என்னன்னு எனக்கே தெரியலை."

அவர் மறுபடி செடியைப் புரட்டினார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். சாலையின் கடைசிவரை புரட்டிக்கொண்டே போய்த் திரும்பி வந்தார்.

"தண்ணி வராத வருஷம் நான் தனியா நின்னேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நான் பாத்தேனேப்பா. சைக்கிள்ல பள்ளிக்கூடம் போறப்ப."

"நீ பாத்தது என்னை." கம்பைத் தரையில் ஊன்றினார். "மாரியாத்தா நின்னா எங்கூட. அன்னைக்குப் பூரா நின்னா. இல்லைன்னா அந்த வருஷம் மருந்துக் கடையில பூச்சிமருந்து கேட்டு நின்னவங்கள்ல நானும் ஒருத்தன். நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உலகத்துக்கெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி."

வீட்டில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவுக்கும் தெரியாது. நாலு வருடமாக நான் ஊர் ஊராகப் போய், அடுத்தவர் மனதில் இருப்பதை அவர் "அதேதான்" என்று சொல்லும்வரை விடாதே என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி மட்டும் யாரையும் கேட்காமல் பேசிவிட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள், "வெயில் ஏறுது, வீட்டுக்குப் போ," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கோயில் எங்கள் தெருவின் முனையில்தான் இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாததால் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை, சத்தம் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் கேட்டது. நான் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தேன். அம்மா, "ஒரு இடத்துல நில்லேன், தலை சுத்துது," என்றாள். ஒன்றரை மணி நேரம். பிறகு ஆட்கள் கலைந்து வந்தார்கள். எங்கள் வாசலைத் தாண்டிப் போனவர்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சாதாரணமாக, எப்போதும் சிரிப்பதுபோல. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்பா கடைசியாக வந்தார். "மண்டகப்படி நமக்குத்தான்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். சொம்பை இடது கையால் வாங்கினார். இடது கையால் எதையும் வாங்காத மனிதர். வலது கையை மடக்கி வைத்திருந்தார். நான் போய்ப் பிடித்து விரித்தேன். உள்ளங்கை நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், ஓரத்தில் கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது.

"சூடம் அணைச்சு சத்தியம் கேட்டாங்க," என்றார்.

எரிகிற கற்பூரத்தைச் சாமி முன்னால் கையால் அடித்து அணைத்துச் சொன்னால், எங்கள் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. பொய்யாக அணைத்தவன் குடும்பத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நம்புகிற ஊர். அப்பா மற்றவர்களைவிட அதிகமாக நம்புகிறவர். பொய்ச் சத்தியம் செய்த பங்காளி ஒருவருக்குக் கண் போனதை, பெயர் சொல்லாமல், குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

"என்னன்னு சத்தியம் பண்ணினீங்க?"

"வேலைக்குப் பேசினது. அவ மனசுல ஒண்ணும் இல்லைன்னு."

"நான் அப்படிச் சொல்லலையேப்பா."

"சொல்லலை."

"அப்புறம் எதுக்கு? யார் உங்களைச் செய்யச் சொன்னது?" நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அம்மா என் தோளைப் பிடித்தாள், உதறினேன். ஒரு மண்டகப்படிக்காகப் பொய்ச் சத்தியமா என்று கேட்டேன். அவர் வலியோடு கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"மண்டகப்படிக்கு இல்ல," என்றார். "தெரியலைன்னு சொல்லியிருந்தா உன்னை விட்டிருக்க மாட்டாங்க. இன்னைக்கே ஒண்ணைச் சொல்லுன்னு உன்னை அம்மன் முன்னாடி நிறுத்தியிருப்பாங்க. நீ இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கே. யோசிச்சு முடி. அணைச்ச கை என்னுது. பொய்யாப் போச்சுன்னா அவ என்னைத்தான் கேப்பா."

அவர் கையைப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினேன்.

சித்திரைத் திருவிழாவின் மூன்றாம் நாள் புது வேட்டியில் முதல் ஆளாக நின்றார். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. நான் கூட்டத்தின் பின்னால் அப்படியும் இப்படியும் நடந்துகொண்டிருந்தேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் ஆகிறது. மையத்தில்தான் இருக்கிறேன். ‘இது என் கருத்தல்ல’ என்ற வரியை இயக்குநர் மறுபடி கொண்டுவந்துவிட்டார். எனக்கு இன்னும் தெரியவில்லை. அப்பா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு கல்லூரியில் வகுப்பின் நடுவே அம்மாவிடமிருந்து ஃபோன். அப்பாவுக்கு இரண்டு நாளாக ஜுரம், இன்று கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறார் என்றாள். அந்த வயதில் ஜுரம் வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சுண்ணக்கட்டியை மேசையில் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் நின்றுகொண்டிருந்தது. பூதலூர் வரும்வரை கதவருகே நின்று, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, வாய்விட்டு மாரியம்மனிடம் சொல்லிக்கொண்டே போனேன், பொய் என்னுடையது, அவரை விட்டுவிடு என்று.